நியூசிலாந்து மலை வேட்டைக்கு போல்ட் ஆக்‌ஷன்: 6.5 கிரீட்மோரா, மேக்னமா?

தேயிலைமேடு (கோத்தகிரி) கேட்டது:

வணக்கம். மச்சான் நியூசிலாந்தில் டிமாரு பக்கம் இருக்கிறார். துப்பாக்கி லைசன்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. வரும் ஜூனில் நானும் போகிறேன். சதர்ன் ஆல்ப்ஸ் மலையில் இமாலய வரையாடு, வாய்த்தால் ரெட் டியர், இதுதான் திட்டம். புதிதாக ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை) வாங்கி இரண்டு பேரும் அதையே பயன்படுத்தப் போகிறோம்.

அங்கே கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் (மருந்து கூடுதலான, உதை கனத்த தோட்டா) எடுக்கச் சொல்கிறாராம். மச்சானுக்கு 6.5 கிரீட்மோர் மேல் கண். எனக்குப் பழக்கம் தாத்தா காலத்து இஷாப்பூர் .315 மட்டும்தான், அதுவும் இரும்பு சைட். 400 மீட்டர் வரை நம்பிச் சுட எந்த கேலிபர்? ரைஃபிளில் எதைப் பார்த்து வாங்குவது? ஸ்கோப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது?

பாலடா பனி:

புதிதாகப் படிப்பவர்களுக்காக முதலில் ஒன்று. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை கிடையாது. நம் முக்குருத்தி வரையாடு முதல் அட்டவணையில் இருக்கிறது. நியூசிலாந்தில் கதை வேறு. இமாலய வரையாட்டை 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அதை அடித்துத் தின்ன அங்கே விலங்கு இல்லை, பெருகி மலைச்செடிகளைத் தின்று தீர்க்கிறது. அரசே ஆள் வைத்துக் குறைக்கிறது. அதனால் அங்கே சுடுவதில் தயங்க ஒன்றுமில்லை.

லைசன்ஸ் இல்லாதவர், லைசன்ஸ் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் சுடலாம். நேரடி என்றால் கைக்கெட்டும் தூரத்தில் அவர் இருக்க வேண்டும், அடுத்த முகட்டில் அல்ல. தனியாகத் தூக்கிப் போக நினைத்தால் பார்வையாளர் லைசன்ஸுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ரைஃபிளை மச்சான் பெயரிலேயே வாங்கிப் பதிவு செய்வதுதான் சுலபம்.

இனி கேலிபர். 200 கெஜத்தில் ஸீரோ வைத்த (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த) 6.5 கிரீட்மோர், 143 கிரெய்ன் (தோட்டா எடையின் அலகு) இஎல்டி-எக்ஸ் என்ற வேட்டைத் தோட்டா, வாய்வேகம் விநாடிக்கு 2700 அடி. 300 கெஜத்தில் 20 செ.மீ., 400-இல் 57 செ.மீ., 500-இல் 114 செ.மீ. இறங்கும். இறக்கம் பெரிய பிரச்சினை இல்லை. ரேஞ்ச்ஃபைண்டர் தூரத்தைச் சொல்லிவிடும், ஸ்கோப்பில் அத்தனை கிளிக் திருப்பினால் முடிந்தது.

காற்றுதான் ஆளைக் கவிழ்க்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் 500 கெஜத்தில் .308-இன் 178 கிரெய்ன் தோட்டா சுமார் 47 செ.மீ. ஒதுங்கும். 6.5 கிரீட்மோர் 38, கடைக்காரர் சொன்ன .300-ஐப் போல இன்னொரு மேக்னமான 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் 162 கிரெய்ன் 33. மேக்னத்துக்குப் போனால் மிச்சமாவது 5 செ.மீ.தான். காற்றின் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு தப்பாகக் கணித்தாலே அதைவிடக் கூடுதலாகத் தவறும். இந்த 5 செ.மீ.க்காகத் தோளில் ஏறக்குறைய ரெட்டிப்பு உதை வாங்குவது, அதுவும் .315-ஐத் தவிர வேறு சுடாதவருக்கு, வீண். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்றுவது பெரும்பாடு.

மச்சான் சொல்வதே சரி. 6.5 கிரீட்மோர்.

கொடை மேட்டுக்காடு:

பாலடா அண்ணன் காற்றுக் கணக்கைச் சரியாகச் சொன்னார், பாதியில் நிறுத்திவிட்டார். தோட்டா போய்ச் சேரும்போது என்ன வேகத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். இஎல்டி-எக்ஸ் போன்ற ஈயக்கரு தோட்டா விரிய விநாடிக்கு 1600 அடியாவது தேவை. முழுச் செப்புத் தோட்டாக்களில் பலவற்றுக்கு 1800 முதல் 2000 வரை வேண்டும். வேகம் குறைந்தால் தோட்டா விரியாமல் பென்சில் அகலத்துக்குத் துளை போட்டு வெளியேறும். விலங்கு ஓடிப்போய் எங்கோ பாறை இடுக்கில் கிடந்து சாகும்.

6.5 கிரீட்மோர் 500 கெஜத்தில் சுமார் 2030 அடி வேகத்தில் இருக்கிறது, அதே இடத்தில் 7 மேக்னம் 2230. ஈயக்கரு போட்டால் இரண்டும் போதும். மச்சான் செப்புத் தோட்டாதான் போடுவேன் என்றால் 6.5-ஐ 400 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வளர்ந்த ரெட் டியர் கலைமான் வரையாட்டுக் கடாவைவிட எவ்வளவோ கனம். தோள் எலும்பை உடைத்து உள்ளே போக வேண்டுமானால் 7 எம்எம்மின் கனத் தோட்டாவுக்கு மரியாதை உண்டு. ரெட் டியர்தான் முதல் குறி என்றால் நான் 7 மேக்னம் பக்கம். வரையாடுதான் என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

மேக்னத்தின் மறுபக்கமும் இருக்கிறது. 60, 70 கெஜத்தில் திடீரென்று கடா எழுந்து நிற்கும். அந்த வேகத்தில் மெல்லிய உறைத் தோட்டா தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும். கிட்டத்தில் சுட வாய்ப்பு இருந்தால் உறையும் கருவும் ஒட்டவைத்த தோட்டா போடுங்கள், அல்லது தோளை விட்டு அதன் பின்னால் விலாவில் குறி வையுங்கள்.

.270 வின்செஸ்டரை யாரும் பேசவில்லை. பழைய கேலிபர், நல்ல கேலிபர். ஆனால் பெரும்பாலான .270 குழல்களின் முறுக்கு (உள்ளே தோட்டாவைச் சுழற்றும் வரிகளின் திருகல்) 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 150 கிரெய்னுக்கு மேலான நீளத் தோட்டாவை அது நிலையாகச் சுழற்றாது. 6.5 கிரீட்மோர் வரும்போதே 8 அங்குல முறுக்கோடு வருகிறது. எந்த ரைஃபிள் வாங்கினாலும் குழலில் பொறித்திருக்கும் முறுக்கு எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

குன்னூர் கம்மியர்:

கேலிபர் சண்டையை இவர்கள் இருவரும் பார்த்துக்கொள்ளட்டும். நான் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500, ரெமிங்டன் 700 இந்த மூன்றும் அங்கே எல்லாக் கடையிலும் இருக்கும். டிக்காவின் போல்ட் 70 டிகிரிதான் தூக்க வேண்டும், ஸ்கோப்பில் கை இடிக்காது. மலை ஏறுவதற்கு துருப்பிடிக்காத எஃகு, சிந்தெடிக் ஸ்டாக். மரக்கட்டை அழகுதான். ஆனால் கோத்தகிரி ஆடிமாசப் பனியில் வீட்டுக் கதவு உப்பி இறுகுவது போல ஈரத்தில் ஸ்டாக்கும் உப்பும். உப்பிய கட்டை குழலைத் தொட்டால் குறி மாறும். கடையிலேயே ஒரு பத்து ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு, நுனியிலிருந்து அடி வரை இழுத்துப் பாருங்கள். எங்காவது மாட்டினால் வேறு துப்பாக்கி கேளுங்கள்.

குழல் 20 முதல் 22 அங்குலம் போதும். அங்கே சப்ரஸருக்கு (சத்தம் குறைக்கும் குழாய்) தனி அனுமதி தேவையில்லை, எல்லாரும் மாட்டுகிறார்கள். அதனால் வாயில் மரை போட்ட குழலாக எடுங்கள். ஓர் அங்குலம் குறைந்தால் போகிற வேகம் 20, 25 அடிதான். சப்ரஸர் மாட்டியும் கழற்றியும் சுட்டால் குண்டு விழும் இடம் மாறும். மாட்டி ஸீரோ வைத்தால் மாட்டியே சுடுங்கள்.

ஸ்கோப்புக்கு ரைஃபிள் விலைக்குச் சமமாக ஒதுக்குங்கள். இதில் கஞ்சத்தனம் செய்பவர்கள்தான் பின்னால் கேலிபரைத் திட்டுகிறார்கள். 3-15 அல்லது 4-16 உருப்பெருக்கம், வெளியே திருப்பும் எலிவேஷன் குமிழ் (குறியை மேலே கீழே நகர்த்துவது), ஸீரோ ஸ்டாப் (குமிழை ஸீரோவில் நிறுத்தும் தடுப்பு), பக்கவாட்டில் பாரலாக்ஸ் குமிழ் (தூரத்துக்கு ஏற்பச் சரிசெய்வது). கிளிக் 0.1 மில் என்றால் 100 மீட்டரில் ஒரு செ.மீ. நகரும். உங்களைப் போல் மீட்டரில் யோசிப்பவர்களுக்கு அதுதான் சௌகரியம். குமிழ் மில்லிலும் உள்ளே கோடு எம்ஓஏ என்ற இன்னொரு கோண அலகிலும் இருக்கும் ஸ்கோப் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதைத் தொடவே தொடாதீர்கள்.

பத்தில் ஏழு "ரைஃபிள் சரியில்லை" புகாருக்குக் காரணம் ஸ்க்ரூதான். பேஸ் (ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தகடு) ஸ்க்ரூவில் எண்ணெய் துடைத்துவிட்டு, நீல நிறத் திரெட் பசை ஒரு சொட்டு விடுங்கள். ரிங் மூடிகளை டார்க் ஸ்க்ரூடிரைவரால் சுமார் 2 நியூட்டன் மீட்டர், நான்கையும் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கி பாரலாக்ஸ் குமிழ் கனத்துவிடும். இறுக்கிய பின் ஸ்க்ரூ தலையிலிருந்து ரிங் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் அங்கே குளிர்காலம், பனியில்தான் நிற்பீர்கள். புது ரைஃபிளின் போல்ட்டுக்குள் இருக்கும் கெட்டி கிரீஸ் அந்தக் குளிரில் இறுகி, ஃபயரிங் பின் மெதுவாக அடிக்கும். விளைவு: டிக் சத்தம் வரும், தோட்டா வெடிக்காது. போல்ட்டைக் கழற்றி, உள்ளே முழுக்கக் கழுவிக் காயவையுங்கள். லக்குகளின் (போல்ட்டைப் பூட்டும் பற்கள்) பின்புறம் மட்டும் துளி கிரீஸ்.

தேயிலைமேடு:

மிக்க நன்றி. 6.5 என்று முடிவாகிவிட்டது, ஈயக்கரு தோட்டா. இரண்டு சந்தேகம். அங்கே எல்லாமே செங்குத்துச் சரிவு, மேலே கீழே சுடும்போது கணக்கு எப்படி? ஜூன் வரை இங்கேயே என்ன பழகலாம்?

பாலடா பனி:

சரிவில் மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு நினைத்ததைவிட மேலேதான் போகும். புவியீர்ப்பு கிடைமட்டத் தூரத்துக்குத்தான் வேலை செய்கிறது. 30 டிகிரி என்றால் தூரத்தை 0.87-ஆல், 45 டிகிரி என்றால் 0.71-ஆல் பெருக்குங்கள். 30 டிகிரிச் சரிவில் 400 மீட்டர் என்றால் 346 மீட்டருக்கு உள்ள கிளிக்தான். 400-க்கே திருப்பினால் 20 செ.மீ. உயரப் போகும், வரையாட்டின் முதுகைத் தாண்டிவிடும். காற்றுக்கு மட்டும் முழு 400 மீட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோணத்தைச் சேர்த்துச் சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கினால் இந்தப் பெருக்கல் மிச்சம்.

ரேஞ்ச்ஃபைண்டர் மீட்டரில் இருக்கிறதா கெஜத்திலா என்று தினமும் காலையில் பாருங்கள். கெஜ அட்டவணையை வைத்துக்கொண்டு 500 மீட்டரைச் சுட்டால் குண்டு 20 செ.மீ.க்கு மேல் கீழே விழும்.

ஸீரோ வைக்கும்போது முதலில் 25 மீட்டரில் காகிதத்தில் விழவையுங்கள், பிறகு 100 கெஜத்தில் 5 செ.மீ. உயரமாக. அது 200 கெஜ ஸீரோவுக்குச் சரியாக வரும். 300, 400-இல் நிஜமாகவே சுட்டுப் பாருங்கள், பெட்டியில் அச்சடித்த வேகம் உங்கள் குழலில் வராது. மூன்று குண்டுக் குழுவை நம்ப வேண்டாம், ஐந்து சுடுங்கள், குழல் ஆறவிட்டு. ஸீரோவைச் சமவெளியில் வைத்து 1500 மீட்டர் மேலே ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து 500 கெஜத்தில் 5, 6 செ.மீ. உயரும். 300-க்குள் கவலையே வேண்டாம்.

கொடை மேட்டுக்காடு:

ஊரில் பழக .177 ஏர் ரைஃபிள் போதும். 20 ஜூலுக்கு உட்பட்டதற்கு லைசன்ஸ் தேவையில்லை. சொந்த இடத்தில், பின்னால் மண்மேடு வைத்து மட்டும். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம், காட்டோரம் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் வனத்துறைக்கு விளக்கம் சொல்ல வேண்டி வரும். பெஞ்சில் சுட்டுப் பழகாதீர்கள், அங்கே பெஞ்ச் கிடையாது. முதுகுப்பையைப் பாறையில் வைத்துப் படுத்து, சரிவில் உட்கார்ந்து முட்டியில் முழங்கை ஊன்றி, இப்படி.

செங்குத்தாக மேலே சுடும்போது ஸ்டாக் தோளிலிருந்து வழுக்கும், கண் ஸ்கோப்பை நெருங்கும், புருவம் கிழியும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செ.மீ. இடைவெளியைப் படுத்த நிலையிலும் சரிபார்த்த பிறகே ரிங்கை இறுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் பயன்படுத்துவதால், ஸ்டாக் நீளத்தைக் குள்ளமானவருக்குச் சரியாக வையுங்கள்.

காற்று படிக்க நீலகிரியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் இலையின் வெள்ளை அடிப்பக்கம் திரும்புகிறதா, எதிர்ச்சரிவில் மூடுபனி எந்தப் பக்கம் நகர்கிறது, நடுப் பள்ளத்தில் என்ன நடக்கிறது, மூன்றையும் தனித்தனியாகக் குறித்து, கையில் காற்றுமானி வைத்துச் சரிபாருங்கள். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும். அங்கேயும் அதேதான்.

கடைசியாக ஒன்று. குறி சரியாக இருந்தாலும் கடா எங்கே விழும் என்று பார்த்துவிட்டுச் சுடுங்கள். பாறை விளிம்பில் நிற்பதைச் சுட்டால் இருநூறு மீட்டர் கீழே உருண்டு, கொம்பும் உடைந்து இறைச்சியும் நாராகிவிடும். அது நாலு அடி உள்ளே நகரும் வரை காத்திருங்கள்.