‘சிக்ஸ் ஃபீட் டீப்’ வெறும் பேய் வேஷமா? கிரேவ்டிகாஸுக்காக ஒரு வாதம்

மண்வெட்டி:

போன வாரம் ஹாரர்கோர் (பேய், ரத்தம்னு பயமுறுத்தற ராப்) திரியில பழையநாடா அண்ணன் ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டார்: "கிரேவ்டிகாஸ் பேய் வேஷம் கட்டின விளம்பரம், உள்ளே சரக்கு இல்ல." அங்கேயே பதில் போட்டா பேச்சு திசைமாறிடும். அதனால தனித்திரி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கேட்டிராதவங்களுக்கு: ‘சிக்ஸ் ஃபீட் டீப்’ (ஆறடி ஆழம்) 1994 ஆகஸ்ட்ல ஜீ ஸ்ட்ரீட் கம்பெனி வெளியிட்ட, கிரேவ்டிகாஸ் (குழி வெட்டறவங்க) குழுவோட முதல் ராப் ஆல்பம். நியூயார்க் ஆளுங்க நாலு பேர்: பிரின்ஸ் பால், ஃப்ரூக்வான், பொயட்டிக், ரிஸா. பாட்டு முழுக்கச் சுடுகாடு, சவப்பெட்டி, ரத்தம், பைத்தியம். ஆளுக்கொரு பட்டப்பேர். பால் ‘அண்டர்டேக்கர்’, அதாவது வெட்டியான். ஃப்ரூக்வான் ‘கேட்கீப்பர்’. பொயட்டிக் ‘க்ரிம் ரீப்பர்’, நம்ம பேச்சுல எமன். ரிஸா மட்டும் ‘ரிஸரெக்டர்’, செத்தவனை எழுப்பறவன்.

கொன்னு புதைக்கிற கூட்டத்துல எழுப்பறவனுக்கு என்ன வேலை? இதைக் கேட்டுக்கிட்டாதான் இந்த ஆல்பத்துக்குள்ள போக முடியும். நாலு பேருமே அதுக்கு முன்னாடி டாமி பாய் கம்பெனியில பாட்டு வெளியிட்டவங்க. பாலும் ஃப்ரூக்வானும் ஸ்டெட்சாசோனிக் குழுவுல இருந்தாங்க, அது கலைஞ்சு போச்சு. ரிஸாவை 1991ல ‘பிரின்ஸ் ரக்கீம்’னு பேர் வெச்சு, பொண்ணுங்க பின்னாடி சுத்தற மாதிரி ஒரு பாட்டு பாட வெச்சாங்க. ஓடல, கழட்டி விட்டுட்டாங்க. பொயட்டிக்கும் அதே மாதிரி வெளிய வந்தவர்தான். இந்த ஆல்பத்துக்காகச் சேர்ந்த சமயத்துல தங்க ஒரு வீடுகூட இல்ல அவருக்கு. டி லா சோல்ங்கிற ராப் குழுவோட ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ ஆல்பத்தை 1989ல செஞ்சது இதே பால்தான். மூணடி மேலே எழும்பினவர் அஞ்சு வருஷத்துல ஆறடிக்குக் கீழே போறார். அந்தத் தலைப்பே அவரோட சுயசரிதைதான்.

நான் இதை முதல்ல முழுசாக் கேட்டது வேலை போன வாரம். அன்னைக்குக் காலையில கம்பெனி வாசல்ல அட்டையைத் தேய்க்கிறேன், சிவப்பு விளக்கு எரியுது. மறுபடி தேய்க்கிறேன், மறுபடி சிவப்பு. ஆறு வருஷம் தினமும் வணக்கம் வெச்ச செக்யூரிட்டி அண்ணன் என் முகத்தைப் பார்க்காம பதிவேட்டைப் புரட்டறார். உள்ளே என் நாற்காலி முதுகுல என் ஸ்வெட்டர் தொங்கிட்டுதான் இருந்திருக்கும். நான் உயிரோட நிக்கறேன், கணக்குல மட்டும் நான் இல்ல. அந்த ராத்திரி இந்தக் குரல்களைக் கேட்டப்ப எனக்குப் பயமே வரல. நம்மாளுங்கன்னு தோணுச்சு.

பழையநாடா:

தம்பி, உன் வேலை போனதுக்கு மனசார வருத்தப்படறேன். ஆனா உனக்கு அந்த ராத்திரி உதவினதுனாலயே அது நல்ல ஆல்பம் ஆயிடாது.

வரிசையைப் பாரு. டெட்ராய்ட்ல ஈஷம் 1989லயே இந்த நரகப் பேச்சைப் பேசியாச்சு. ஹூஸ்டன்ல கேங்ஸ்டா நிப் 1992ல ‘தி சவுத் பார்க் சைக்கோ’ன்னு ஆல்பத்துக்கே பேர் வெச்சார். எல்லாத்துக்கும் மேல கெட்டோ பாய்ஸ் 1991ல ‘மைண்ட் ப்ளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ போட்டாங்க. அதுல சவப்பெட்டி கிடையாது, பட்டப்பேர் கிடையாது. மெழுகுவர்த்தியையே பார்த்துக்கிட்டுத் தூக்கம் வராம உட்கார்ந்திருக்கிற ஒருத்தன், தன்னை யாரோ பின்தொடர்றாங்கன்னு நினைக்கிற ஒருத்தன், அவ்வளவுதான். கேட்டு முடிச்சா முதுகு சில்லிடும். பயம்னா அது. இவங்க போட்டது கடையில வாங்கின முகமூடி.

அதே 1994ல டெஃப் ஜாம் கம்பெனி ஃப்ளாட்லைனர்ஸ்னு ஒரு குழுவை அதே சவப்பெட்டியோட இறக்கிச்சு. ஒரே வருஷத்துல ரெண்டு கம்பெனி ஒரே வேஷத்தை விக்குதுன்னா அதுக்குப் பேர் சீசன். தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போடற மாதிரி.

ஸ்காபரோ_சுதன்:

அண்ணை, சீசன் எண்டு சொல்லேலாது. ரிஸாவின்ர வூ-டாங் குழுவின்ர முதல் ஆல்பம் 1993 நவம்பரில வந்தது. அதுக்கு முதலே இந்த நாலு பேரும் சேர்ந்தாச்சு. ரிஸாவை ஆருக்கும் தெரியாத காலம். விக்கிற முகத்தைத் தேடினவை எண்டால் அவரை எடுத்திருக்க மாட்டினம்.

நான் வீட்டில பீட், அதாவது ராப்புக்குப் பின்னணி இசை, செய்யிறனான். அந்தப் பக்கத்தில இருந்து ஒரு விசயம் சொல்லுறன். ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ பாட்டை ஹெட்போனில போட்டுக் கேளுங்கோ. பின்னால ஒரு குரல் முனகிக்கொண்டு சுத்திச் சுத்தி வரும். அது ஏறாது, இறங்காது, முடியவும் முடியாது. மற்ற ஆக்கள் எண்டால் கோரஸ் வாற இடத்தில அதை வெட்டி, கேக்கிறவனுக்கு மூச்சு விட இடம் குடுப்பினம். இதில அது இல்லை. ட்ரம்ஸ் முன்னுக்கு, முனகல் பின்னுக்கு, நடுவில பேசுறவன் மாட்டிக்கொண்டு நிக்கிறான். நான் அதே மாதிரி ஒண்டு செய்து பார்த்தனான். எட்டு வரிக்குப் பிறகு எனக்கே தாங்கேலாமல் ஒரு பியானோவைக் கொண்டுவந்து போட்டிட்டன். அந்தப் பியானோவைப் போடாமல் விடுறதுக்குத்தான் தைரியம் வேணும்.

பொயட்டிக்கின்ர குரலும் அப்பிடித்தான். வரியின்ர தொடக்கத்தில கரகரப்பு, கடைசியில கீச்செண்டு உடையும். ஒரு ஆள் ரெண்டு பேராக் கேக்கும். முகமூடி போட்டவனுக்குக் குரல் உடையாது, அண்ணை.

மண்வெட்டி:

சுதன், நன்றி. நீங்க சொன்ன அந்தப் பாட்டுதான் என் வாதத்துக்கே அடித்தளம். அது நடக்கறது சுடுகாட்டுல இல்ல, கோர்ட்டுல. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவங்க ஒவ்வொருத்தரா எழுந்து ‘எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு’ன்னு வாக்குமூலம் குடுக்கறாங்க. ரிஸா அந்த வருஷங்கள்லதான் ஓஹையோ மாநிலத்துல கொலை முயற்சி வழக்குல கூண்டுல நின்னு விடுதலையானவர். எட்டு வருஷம் உள்ளே போயிருக்க வேண்டியது. கூண்டுல நிக்கறவன் வயிறு எப்படிக் கலங்கும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அண்ணே, கெட்டோ பாய்ஸ் பாட்டு பெரிய பாட்டு. ஒத்துக்கறேன். ஈஷம் முன்னாடி வந்தார், அதையும் ஒத்துக்கறேன். ஆனா யார் முதல்ல மண்ணைத் தோண்டினாங்கன்னு நான் கேக்கல. எதுக்குத் தோண்டினாங்கன்னு கேக்கறேன். குழுவோட பேருக்கு ரிஸா குடுத்த விளக்கம் இதுதான்: மனசு செத்துப் போனவங்களோட குழியைத் தோண்டி அவங்களை எழுப்பறது. அவரோட வரிகள்ல ஃபைவ் பர்சென்ட் நேஷன் போதனை ஊறிக் கிடக்கு. 1964ல ஹார்லெம்ல தொடங்கின இயக்கம் அது. உலகத்துல 85 சதவீதம் பேர் கண் மூடிக் கிடக்கறாங்க, 10 சதவீதம் பேர் உண்மை தெரிஞ்சே அவங்க ரத்தத்தை உறிஞ்சறாங்க, மிச்சம் 5 சதவீதம் பேர் எழுப்பி விடணும்னு அவங்க கணக்கு. ‘ஏழைகளோட ரத்தம் உறிஞ்சறவங்க’ங்கிறது அந்தத் தெருவோட அன்றாடப் பேச்சு. சினிமாவுல இருந்து எடுத்த ரத்தக்காட்டேரி இல்ல.

பழையநாடா:

இப்பதான் சரியான இடத்துக்கு வந்திருக்க.

100 பேர்ல 85 பேர் பிணம்னு சொல்ற தத்துவம் உனக்கு எப்படித் தம்பி ஒத்துக்குது? உன்னை வாசல்ல நிறுத்தின கம்பெனியும் அதைத்தானே சொல்லுச்சு? நீ கணக்குல இல்லைன்னு. அந்த செக்யூரிட்டி அண்ணன் பதிவேட்டைப் புரட்டினாரே, அவரும் அந்த 85ல ஒருத்தர்தானா? அவருக்கு மாசக் கடைசியில சம்பளம் வேணும், வீட்டுல வாடகை இருக்கும். அவரைச் செத்தவன்னு சொல்லிட்டு நான் எழுப்ப வந்தவன்னு ஒருத்தன் மைக் பிடிச்சா எனக்குக் கோபம்தான் வருது. கெட்டோ பாய்ஸ் பாட்டுல பாடறவனே பயந்தவன். இங்க பாடறவனுக்குப் பயமே இல்ல. அதனாலதான் எனக்கும் அது ஒட்டல.

ஆலங்காடு:

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். பிணம், பேய்னு கேட்டதும் முகம் சுளிக்கறவங்க நம்ம கலிங்கத்துப்பரணியை ஒரு தரம் நினைச்சுப் பார்க்கணும். போர்க்களத்துல பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைச்சுப் பந்தி போட்டுச் சாப்பிடுது. பார்ப்பனப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய்னு வரிசையாக் கூப்பிட்டுப் பரிமாறுவாங்க. 12ஆம் நூற்றாண்டு. அதைக் கொடூரம்னு யாரும் ஒதுக்கல, பாடமா வெச்சிருக்கோம்.

பழையநாடா:

ஆலங்காடு, பரணி ஜெயிச்சவனுக்குப் பாடினது. ஆயிரம் யானையைக் கொன்ன வீரனுக்குன்னு இலக்கணமே இருக்கு. குலோத்துங்கன் சபையில உட்கார்ந்து கலிங்கத்தான் பிணத்தை வேக வெச்சு ரசிக்கிறது ஒண்ணு, இந்தப் பசங்க பாடினது ஒண்ணு. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

மண்வெட்டி:

அண்ணே, இந்த ஒரு வரியில நீங்களே எனக்காக வாதாடிட்டீங்க. இது தோத்தவன் பாடின பரணி. பிணத்தோட பக்கம் நின்னு பாடினது.

செக்யூரிட்டி அண்ணன் விஷயம் சுருக்குனு தைச்சுது. ரெண்டு நாளா அதையே நினைச்சுட்டு இருக்கேன். அவரை நான் அப்படி நினைக்கல, நினைக்கவும் மாட்டேன். அந்த 85 கணக்கை நான் முழுசா ஏத்துக்கல. எனக்கு வேண்டியது அந்த எழுப்பற ஆசை மட்டும்தான். ஆனா பயம் இல்லைன்னு சொன்னீங்களே, அதை விட மாட்டேன். ‘டிஃபெக்டிவ் ட்ரிப்’ கேளுங்க. போதை தலைக்கேறித் தடம் புரண்ட கதை. அதுல ஒரு இடத்துலகூட வீரம் கிடையாது.

தென்றல்_22:

நான் இந்தத் திரியை முதல் நாள்லேர்ந்து வாசிக்கிறேன். ஒரு பாட்டை யாரும் தொடவே இல்ல. ‘1-800 சூயிசைட்’. தற்கொலை செஞ்சுக்கறதைத் தொலைபேசி எண் மாதிரி தலைப்பு வெச்சு, வேடிக்கையா அடுக்கிக்கிட்டே போற பாட்டு.

நான் வாரத்துல ரெண்டு ராத்திரி ஒரு உதவி எண்ணுல தன்னார்வலரா உட்கார்றேன். போன் அடிக்கும், எடுத்தா பேச்சு இருக்காது. ஃபேன் சத்தம் கேக்கும். சில நேரம் பக்கத்து வீட்டு டிவி. "நான் இங்கதான் இருக்கேன், நேரம் எடுத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுக் காத்திருப்பேன். ஒரு தரம் பதினோரு நிமிஷம் அப்படி ஃபேன் சத்தத்தையே கேட்டேன். அப்புறம் ஒரு சின்னப் பையன் குரல், "அக்கா, வெச்சுடாதீங்க"ன்னு. அந்தப் பையன் காதுல அந்த நேரத்துல இந்தப் பாட்டு ஓடியிருந்தா? பிரின்ஸ் பாலோட குழு கலைஞ்சது, பொயட்டிக்குக்கு வீடு இல்லாதது எல்லாம் எனக்குப் புரியுது. அந்தப் பையனுக்கு அதெல்லாம் தெரியாது. பாட்டு மட்டும்தான் அவன்கிட்ட போய்ச் சேரும்.

இன்னொண்ணும் சொல்றேன். லாஜிக்னு ஒரு ராப் பாடகர் 2017ல அமெரிக்க உதவி எண்ணையே பாட்டுக்குத் தலைப்பா வெச்சார். சாகணும்னு போன் பண்ற ஒருத்தன் கடைசியில வாழணும்னு சொல்ற பாட்டு. 2021ல பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு: அந்தப் பாட்டு அதிகமாப் பேசப்பட்ட 34 நாள்ல அந்த எண்ணுக்குச் சுமார் 9,900 அழைப்பு கூடுதலா வந்திருக்கு, எதிர்பார்த்ததைவிட 245 தற்கொலை குறைஞ்சிருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க. பாட்டுக்கு இவ்வளவு பலம் இருக்குன்னா அது ரெண்டு பக்கமும் வெட்டும்தானே?

ஸ்காபரோ_சுதன்:

அக்கா, இதுக்கு எதிரா நான் ஒண்டும் சொல்ல மாட்டன். அந்தப் பாட்டின்ர பீட் திறம். ஆனா நீங்கள் சொன்ன அந்தப் பதினொரு நிமிசத்துக்கு முன்னால பீட்டைப் பற்றிக் கதைக்க எனக்கு மனம் வரேல்லை.

மண்வெட்டி:

தென்றல் அக்கா, முதல் பதிவுல அந்தப் பாட்டை நான் வேணும்னேதான் விட்டேன். அது நேர்மை இல்ல. மன்னிச்சுக்கங்க.

அந்தப் பாட்டுக்கு வக்காலத்து வாங்க என்னால முடியாது. வேலை போன அந்த வாரம் எனக்கே அது வந்தப்ப தாண்டி விட்டுட்டேன். விரல் தானாப் போச்சு. மத்த பாட்டுகள் என்னைக் கூட உட்கார வெச்சுக்கிச்சு, அது மட்டும் என்னைத் தள்ளி விட்டுச்சு. ஆல்பத்தை நான் நேசிக்கிறேங்கிறதுக்காக அதுல இருக்கிற எல்லாத்தையும் தோள்ல தூக்கணுமா? அதை விட்டுட்டும் இது பெரிய ஆல்பம்னுதான் இன்னைக்கும் சொல்வேன்.

பொயட்டிக்கைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். எமன்னு பேர் வெச்சுக்கிட்டவருக்கு 1999ல பெருங்குடல் புற்றுநோய்னு தெரிய வந்துச்சு. மருத்துவர்கள் குடுத்த கெடுவைத் தாண்டியும் பாடிக்கிட்டே இருந்தார். ரிஸாவும் பாலும் ஒதுங்கின பிறகு அவரும் ஃப்ரூக்வானும் சேர்ந்து செஞ்ச மூணாவது ஆல்பம் ‘நைட்மேர் இன் ஏ மைனர்’. அதுல தன் நோயையே வரியா எழுதியிருக்கார். 2001 ஜூலை 15 அன்னைக்கு இறந்துட்டார். சாவை வெச்சு விளையாட்டுக் காட்டினவர்னு நினைக்கிறவங்க அதை ஒரு தரம் கேக்கணும்.

பழையநாடா:

மூணாவது ஆல்பம் நான் கேட்டதில்ல, அதனால அதைப் பத்திப் பேச மாட்டேன். முதல் ஆல்பத்தை நேத்து ராத்திரி மறுபடி போட்டேன். கோர்ட் பாட்டு பத்தி நீயும் சுதனும் சொன்னது சரி, அது முகமூடி இல்ல. மத்ததுல பாதிக்கு மேல எனக்கு இன்னும் அதே பட்டாசுக் கடைதான். 85 கணக்குக்கும் நீ பதில் சொல்லல. பாதியை எடுத்துக்கிட்டு மீதியை விட்டுட்ட.

தென்றல்_22:

மண்வெட்டி, அந்தப் பாட்டைப் பத்தி நான் சொன்னதுல ஒரு சொல்லும் மாறாது. ஆனா நோயில படுத்துக்கிட்டு எழுதினார்னு சொன்னீங்களே, அதைக் கேட்டுப் பார்க்கணும்னு இருக்கு. எதுல ஆரம்பிக்கறது?

மண்வெட்டி:

‘பர்ன் பேபி பர்ன்’ அக்கா. இன்னைக்கு ராத்திரி ட்யூட்டி இருந்தா வேண்டாம். காலையில வீட்டுக்கு வந்து, டீ குடிச்சுட்டுக் கேளுங்க.