ஜான் டீயின் எழுத்துப் பலகைகள்: எந்த வடிவம்?

சடங்கு மந்திர மரபுகள் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். சாலமோன் மன்னன் பெயரால் வழங்கும் சாலமோன் மரபு, யூத மறைஞான மரபான கபாலா இரண்டையும் எழுதி முடித்துவிட்டேன். தேவதூதர்களிடமிருந்து பெற்றதாகச் சொல்லப்படும் ஏனோக்கிய மரபில்தான் சிக்கல்.

ஆங்கில அறிஞர் ஜான் டீயும் அவருடைய உதவியாளர் எட்வர்ட் கெல்லியும் 1584இல் போலந்தின் கிராக்கோவில் பதிந்தவை நான்கு எழுத்துப் பலகைகள், அதாவது கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்பிய அட்டவணைகள்; ஒவ்வொன்றும் 12க்கு 13 கட்டம். 1587இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) திரெபோனில் அவற்றின் இடவரிசை மாறியது. 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கம் பின்பற்றியது மாறிய வரிசையை. போதாக்குறைக்கு, அவர்களுடைய பலகைகளில் சில கட்டங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள்!

டீயின் கையெழுத்துப் படியையும் 1659இல் அச்சான நாட்குறிப்பையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டேன், சில எழுத்துகள் ஒத்துப்போகவில்லை. ஆங்கிலக் குழு ஒன்றில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஒரே படத்துக்குத்தான் இடம். அறிமுகக் கட்டுரைக்கு 1584 வடிவமா, 1587 வடிவமா, எது பொருத்தம்?