பாண்டிச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவர்கள், வாடகைக்கு இருந்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திண்ணைவாசி:
எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே. இதைச் சொன்னாலே பாண்டிக்காரர்களுக்குப் பாதி புரிந்துவிடும். கிழக்கே கடல் பக்கம் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகள், மேற்கே நம்முடையவை. வாசலில் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம்; மாடியில் மட்டும் பிரெஞ்சு வளைவு ஜன்னல். போன ஐப்பசி மழையில் மாடித் தளத்தின் கட்டை ஒன்று உளுத்துப்போய் இறங்கிவிட்டது. சட்டி, குண்டான், குழந்தை குளிக்கும் டப் எல்லாம் வைத்துத் தண்ணீர் பிடித்தோம்.

பாரம்பரிய வீடாயிற்றே, ஏதாவது உதவி கிடைக்கும் என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். இடிக்கக்கூடாது, முகப்பை மாற்றக்கூடாது, சிமென்ட் பூசக்கூடாது. மூன்று ‘கூடாது’ கிடைத்தது. பணத்துக்கு வங்கியில் கேளுங்கள் என்றார்கள். வங்கியில் பத்திரம் கேட்டார்கள். பத்திரப்படி ஏழு பங்காளிகள், நாலு பேர் பிரான்சில். எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவதற்குள் அடுத்த கட்டையும் இறங்கிவிடும்.

கடல் பக்கம், துய்மா வீதியில் வீட்டை ஓட்டலாக்கியவர்கள் அறை வாடகையிலேயே ரிப்பேர் செலவை எடுத்துவிடுகிறார்கள். பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் உண்டு. நாங்கள் குடியிருக்கிற வீட்டில் யாருக்கு அறை விடுவது?

ஐந்தாம் குடித்தனம்:
உங்களுக்காவது பத்திரத்தில் பெயர் இருக்கிறது அண்ணே. எங்களுக்கு அதுவும் கிடையாது. ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடித்தனம், நாங்கள் கடைசி அறை. அம்மா காலையில் திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டி விற்பார். வீட்டுக்காரர் வீட்டை விற்றதும் ஒரு மாதத்தில் காலி செய்தோம். அட்வான்ஸை மூன்று தவணையாகத்தான் வாங்க முடிந்தது. லாஸ்பேட்டைக்குப் போனோம். அங்கே அம்மாவிடம் பூ வாங்க யாரும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது வீடு பளபளவென்று இருந்தது. உண்மையிலேயே அழகாகச் செய்திருந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். உள்ளே போனேன். நாங்கள் சமைத்த இடத்தில் ரிசப்ஷன். முற்றத்தில் துளசி மாடம் அப்படியே இருக்கிறது, செடிதான் பிளாஸ்டிக். பையன் மெனு கார்டு நீட்டினான். காபி விலையைப் பார்த்துவிட்டு, ஆளைத் தேடி வந்தேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். வாசலில் ‘பாரம்பரியத் தமிழ் இல்லம்’ என்று போர்டு. அந்த வீட்டில் இருந்த தமிழர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கொத்தனார் மகன்:
திண்ணைவாசி ஐயா, சிமென்ட் பூசக்கூடாது என்று சொன்னது சரிதான். அதை மட்டும் கோபத்தில் செய்துவிடாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, நாலைந்து மழையில் காரை பொருக்கு பொருக்காக உதிரும். தளமும் அப்படித்தான். கட்டைக்கு மேல் அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லை நிறுத்தி வைத்து, சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் அது. ஒரு கட்டை போனால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம். முழுத் தளத்தையும் உடைத்துக் கான்கிரீட் போடச் சொல்கிற ஆளை அனுப்பிவிடுங்கள்.

ஆனால் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் ஊற்றி அரைத்து வேலை செய்தால் கூலி ஏறும். வீட்டுக்காரர் ஒருவரே அதைத் தாங்க முடியாது. வைசியாள் வீதியில் அப்பா வேலை பார்த்திருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில் செய்த வேலை அது. முகப்புச் செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றுக்கொண்டது, மீதியை வீட்டுக்காரர் போட்டார். 2008-ல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஓட்டல் ஆகாமலே, ஆள் குடியிருந்தபடியே செய்த வேலை அங்கே நிறைய. அதைப் பார்த்த பிறகும் பக்கத்து வீதிகளுக்கு ஏன் அதே மாதிரி செய்யவில்லை என்று அப்பா இன்றும் கேட்பார்.

இன்னொன்று. கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அரசுக் கட்டடம்தான், கடலைப் பார்த்தபடி எல்லார் கண்ணிலும் பட்டது, அப்படியும் விழுந்தது. அதைத் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். நம் பக்கம் விழுகிற வீடு அப்படித் திரும்ப எழாது. அந்த மனையில் அபார்ட்மென்ட்தான் வரும்.

குருசுக்குப்பம்:
நீங்கள் எல்லாரும் வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். ‘ஹெரிடேஜ் வாக்’ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒயிட் டவுன் என்கிற பிரெஞ்சுப் பகுதியோடு திரும்பிவிடுகிறார்கள். வடக்கே நாலு எட்டு வைத்தால் எங்கள் குப்பம். வலை பின்னுகிற இடத்துக்கும் அம்மன் கோயில் திடலுக்கும் எந்தப் பட்டியலிலும் இடமில்லை. அவ்வளவுதான், மனதில் பட்டதைச் சொன்னேன்.

திண்ணைவாசி:
கொத்தனார் மகனுக்கு: தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். அப்பா ஒருமுறை வந்து கட்டையைத் தட்டிப் பார்த்தால் போதும். பங்காளிகளில் இரண்டு பேர் வாட்ஸப்பில் சரி என்றிருக்கிறார்கள்.

ஐந்தாம் குடித்தனத்துக்கு: உங்கள் பதிவை வீட்டில் சத்தமாக வாசித்தேன். எங்கள் திண்ணையில் நாங்களும் இரும்புக் கிராதி போட்டிருக்கிறோம், யாரும் உட்காரக்கூடாது என்று. என் மனைவி எதுவும் பேசவில்லை. எழுந்து போய் அதன் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.