சிட்-அவுட் கூரைக்கு ஷிங்கிள்ஸ்: இந்தச் சரிவு போதுமா?

வில்பட்டிக்காரன்:
வணக்கம். கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் அப்பா கட்டிய வீடு. சிட்-அவுட் மேலிருந்த பழைய தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. காட்டேஜ்களில் பலகை மேல் ஓடு மாதிரி அடுக்கி ஆணியடிக்கிற தார் ஷிங்கிள்ஸ் வேண்டும் என்று வீட்டில் ஆசை. 12 மி.மீ. மரைன் பிளைவுட்கூட வாங்கி இறக்கியாயிற்று. சுவரிலிருந்து வெளியே 9 அடி, மொத்த இறக்கம் 11 அங்குலம். பழைய தகரத்தின் மேல் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சரசரவென்று ஓடிவிட்டது. மேஸ்திரியும் "தாராளமாகப் போடலாம் சார்" என்கிறார். ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும். போடலாமா?

கோத்தகிரி தச்சன்:
வேண்டாங்க. அடிக்கு ஒன்றேகால் அங்குலம்கூட வரவில்லை. ஷிங்கிள்ஸுக்குக் குறைந்தது அடிக்கு 2 அங்குலம் இறக்கம் வேண்டும். 2-லிருந்து 4 வரை இருந்தாலும் அடியில் தார் ஃபெல்ட் (தார் ஏற்றிய விரிப்பு) இரண்டு அடுக்கு விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுக்க ஒட்டுகிற மெம்பிரேன் (நீர்புகாத் தாள்).

பக்கெட் தண்ணீர் மேலிருந்து கீழே போகும். நம் மலையில் மழை அப்படியா பெய்கிறது? காற்று அதைக் கீழிருந்து மேலே ஏற்றும். சரிவு குறைந்தால் ஷிங்கிள் இடுக்கில் தண்ணீர் பின்னோக்கி ஊறி ஆணிவரை போய்விடும்.

எங்கள் வராந்தாவில் நானே செய்த தப்பு இது. ஊருக்கெல்லாம் கூரை போடுகிறவன்! முதல் வருடம் ஒரு சொட்டு இல்லை. இரண்டாம் வருடம் பிளைவுட்டின் அடிப்பக்கம் பார்த்தால், ஆணிகளைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருவட்டம். விரலால் அழுத்தினேன், டீயில் நனைத்த வர்க்கி மாதிரி உள்ளே போனது.

வில்பட்டிக்காரன்:
ஐயோ. சுவர்ப் பக்கம் தூக்கலாமா?

கோத்தகிரி தச்சன்:
9 அடிக்கு 18 அங்குலம் வேண்டும். இன்னும் 7 தூக்கணும். மேலே என்ன இருக்கிறது?

வில்பட்டிக்காரன்:
மாடி ஜன்னல். நாலு அங்குலம்தான் இடம்.

குன்னூர் அக்கா:
அப்போ கலர் ஷீட்தான் தம்பி. மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமாக வாங்குங்கள், நடுவில் ஒட்டு வேண்டாம். பக்க மடிப்பில் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் ஒட்டும் ரப்பர் டேப்). ஷீட் சுவரோடு சேரும் இடத்தை மூட, சுவரில் காடி வெட்டித் தகட்டைச் செருகிப் பூசுங்கள். எங்கள் வீட்டில் வெறும் சிமென்ட் அப்பிவிட்டுப் போனார்கள், பனிக்காலம் முடிவதற்குள் விரிசல். பிளைவுட் வீணாகாது, ஷீட்டுக்கு அடியில் கொடுத்தால் மழைச் சத்தம் குறையும்.

வில்பட்டிக்காரன்:
வர்க்கிக் கதையை வீட்டில் சொன்னேன். சரி, ஷீட்டே இருக்கட்டும், ஆனால் பச்சை நிறம்தான் என்று உத்தரவு. கேட்டுக்கு மேலே சின்னக் கூரை ஒன்று செங்குத்தாக இருக்கிறது, அதிலாவது ஷிங்கிள்ஸ் போடலாம் இல்லையா?

கோத்தகிரி தச்சன்:
அதில் போடுங்க. மார்கழிக் குளிரில் மட்டும் வேண்டாம், வெயில் சூடு பட்டால்தான் ஷிங்கிளில் இருக்கிற ஒட்டும் தார்ப் பட்டை அடுத்ததோடு ஒட்டும்.