தண்ணீரில் கார் ஓடும் என்று விற்கும் கிட்: வாங்கலாமா?

மடிவாளா முருகன்:
ஏர்போர்ட் டாக்ஸி ஓட்டுகிறேன், 1200 சிசி பெட்ரோல் கார். எங்கள் ஸ்டாண்டுக்கு ஒருவர் கிட் கொண்டுவந்தார். ஸ்டீல் தகடுகள் அடுக்கிய டப்பா, உள்ளே தண்ணீரும் கொஞ்சம் காஸ்டிக் பொட்டாஷும், பேட்டரியில் இருந்து ஒயர் கொடுத்தால் குமிழ் குமிழாக வாயு வருகிறது, அதை ட்யூபில் பிடித்து ஏர் ஃபில்டருக்குப் பின்னால் விட்டால் பாதி பெட்ரோல் மிச்சமாம். முழுக்கத் தண்ணீரிலேயே ஓடும் மாடலும் வரப்போகிறதாம். விலை 28,000. சோப்பு நுரையில் வாயுவைப் பிடித்து நெருப்புக் காட்டினார், படாரென்று வெடித்தது. டியூ கட்டவே திணறுகிற நேரம், வாங்கலாமா அண்ணா?

விவேக்நகர் வெங்கட்:
தாராளமாக வாங்குங்கள். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது, ராக்கெட்டுக்கே அதுதான் எரிபொருள். 2022இல் மத்திய அமைச்சர் கட்கரி நாடாளுமன்றத்துக்கு ஹைட்ரஜன் காரில்தானே போனார்? என் மச்சான் இதே மாதிரி கிட் மாட்டியிருக்கிறான், மைலேஜ் கூடியிருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் வண்டியையே செய்து காட்டினார், 1998இல் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று செத்துப்போனார். எண்ணெய் கம்பெனிகள் சும்மா விடுமா?

பீன்யா செல்வம்:
முருகன் தம்பி, பணத்தைக் கொடுத்துவிடாதே. நான் உலோக முலாம் பூசும் எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவன், மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது எங்களுக்கு அன்றாடம் நடக்கிற விஷயம். கிளீனிங் டேங்கில் நுரை கட்டியிருக்கும்போது ஒரு பொறி பட்டால் நீ பார்த்த அதே வெடி வெடிக்கும், அதனால் கரண்டை நிறுத்தாமல் முலாம் பூச வந்த பொருளை வெளியே எடுக்கக் கூடாது என்று புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். ஆகவே வாயு வருவது உண்மை, எரிவதும் உண்மை. எவ்வளவு வருகிறது, அதற்கு என்ன செலவாகிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட கிட்டில் ஆறு செல் தொடராக இருந்து 20 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள். எத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு வாயு என்று சொல்லும் ஃபாரடே விதிப்படி நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர் வாயு வரும், அதே ஆம்பியரில் அதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. உன் எஞ்சினோ நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றை இழுக்கிறது. ஒரு மணி நேரம் விடாமல் வந்த வாயு முழுவதையும் எரித்தாலும் கிடைக்கிற சூடு 17 மில்லி பெட்ரோலுக்குத்தான் சமம். அந்த 20 ஆம்பியர் எங்கிருந்து வருகிறது? வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் இருந்து. அதைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சினுக்குத் தீனி பெட்ரோல். சுமார் 270 வாட் மின்சாரம் எடுக்க, ஆல்டர்னேட்டரில் வீணாவதையும் சேர்த்து, எஞ்சின் 500 வாட் அளவுக்கு உழைக்க வேண்டும். அதற்கே மணிக்கு நூறு மில்லிக்கு மேல் பெட்ரோல் போய்விடும். 17 மில்லிக்காக நூறு மில்லி!

கட்கரி போன டொயோட்டா மிராயில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. வெளியே தயாரித்த ஹைட்ரஜனை 700 பார் அழுத்தத்தில் டேங்கில் நிரப்புகிறார்கள், தண்ணீர் அதன் புகைக்குழாய் வழியாக வெளியே வருகிறது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒன்றாகக் குழப்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது வெங்கட்.

அல்சூர் லதா:
வெங்கட் சார் மேயர் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். 1996இல் ஒஹையோவில் இரண்டு முதலீட்டாளர்கள் அவர் மீது வழக்குப் போட்டார்கள். நிபுணர்கள் அவருடைய செல்லைப் பார்த்து, இது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் சாதாரண மின்னாற்பகுப்புதான் என்றார்கள். அப்பட்டமான மோசடி என்று சொல்லி 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். அவர் இறந்தது மூளை ரத்தக்குழாய் வெடித்து என்பது பிரேதப் பரிசோதனை முடிவு. நம் ஊரிலும் அதே 1996இல்தானே மூலிகை பெட்ரோல் என்று எல்லோரும் கொண்டாடினோம்? அந்த வழக்கில் சென்னை நீதிமன்றம் 2016இல், அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன ராமர் பிள்ளைக்கு மூன்று வருடத் தண்டனை கொடுத்தது. கையில் காசில்லாதவர்களைக் குறிவைத்தே இதெல்லாம் வருகிறது என்பதில்தான் எனக்கு ஆத்திரம்.

முருகன், இன்னொன்று. கம்பெனி கொடுத்த வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் சிக்கல். நாளைக்கு வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸில் முதல் கேள்வியே அந்த டப்பாவைப் பற்றித்தான் இருக்கும்.

விவேக்நகர் வெங்கட்:
கோர்ட் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்லும் என்று நான் நம்பவில்லை. அது போகட்டும். செல்வம் சார், நீங்கள் வாயுவையே எரிபொருளாகக் கணக்குப் போடுகிறீர்கள். விற்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை, கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தால் பெட்ரோல் முழுசாக எரியும் என்கிறார்கள். மச்சானுக்கு மைலேஜ் கூடியதற்கு உங்கள் பதில் என்ன?

பீன்யா செல்வம்:
நியாயமான கேள்வி. ஆனால் இப்போதைய எஞ்சினில் பெட்ரோல் 95 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. வீணாவது சூடாக, ரேடியேட்டரிலும் புகையிலும். எரியாமல் மிஞ்சுவதே கொஞ்சம், அதில் பாதி பெட்ரோலை எப்படி மிச்சம் பிடிப்பது?

மைலேஜ் கூடினால் இரண்டு காரணம் பார்க்க வேண்டும். காசு போட்டவன் கால் ஆக்ஸிலரேட்டரில் தானாகவே மெதுவாகிவிடும். அடுத்து, பல கிட்டுகளோடு புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரின் ஒயரில் மாட்ட ஒரு குட்டி டப்பாவும் தருகிறார்கள். அது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவை ஏமாற்றிப் பெட்ரோலைக் குறைக்கிறது. அதற்குத் தண்ணீரே தேவையில்லை, ஆனால் எஞ்சின் சூடேறினால் வால்வுக்கும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் செலவு வைக்கும்.

மடிவாளா முருகன்:
ஆமாம் அண்ணா, அந்தக் குட்டி டப்பாவையும் காட்டினார். கேட்டதற்கு, செட்டிங்குக்கு என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

விவேக்நகர் வெங்கட்:
மச்சான் வண்டியில் அது இருக்கிறதா என்று கேட்கிறேன். ஆனால் பேப்பர் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ரோட்டில் ஓட்டிக் காட்டுங்கள்.

பீன்யா செல்வம்:
ஓட்டலாமே. ஞாயிற்றுக்கிழமை காலை, ட்ராஃபிக் இல்லாத நேரத்தில், பெங்களூரு நைஸ் ரோட்டில். ஒரே பங்கில் ஃபுல் டேங்க் போட்டு, ஒரே வேகத்தில், கிட்டைப் போட்டு ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை, மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஸ்விட்ச் லதா கையில் இருக்கட்டும், மச்சானுக்கு எது எப்போது என்று தெரியக் கூடாது. கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் நான் கொண்டுவருகிறேன். சென்சார் டப்பாவை மட்டும் முதலிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.