மாதச் சாமான் பட்டியல் சுருங்கியபோது: கடையிலிருந்தும் வாசலிலிருந்தும் சில அனுபவங்கள்

தாம்பரம் மளிகைக்காரர்:

அப்பா 1988-இல் தொடங்கிய கடை. நான் கல்லாவில் உட்கார்ந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வியாபாரம் கைநழுவுவதை நான் முதன்முதலில் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிக்குள் ஐம்பது வீட்டு மாதச் சாமான் பட்டியல்கள் எங்களுக்கு வரும். 2020 ஊரடங்கில் யாரும் வெளியே வர முடியாததால், தாளில் எழுதியதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் படங்களை நான் அழிக்கவில்லை. போன ஆண்டு ஓர் இரவு, ஒரே வீட்டின் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் இருந்தது அரைப் பக்கமாகியிருந்தது. முதலில் மறைந்தது குழந்தையின் டயப்பர். அடுத்து சோப்புத்தூள், ஷாம்பு, பற்பசை, காபித்தூள். துவரம் பருப்பு, உளுந்து, புளி, மிளகாய் வற்றல், இட்லி அரிசி ஆகியவை அசையாமல் நின்றன. வேறு பத்து வீடுகளின் பட்டியல்களை எடுத்தேன். வரிசைகூட ஏறக்குறைய அதேதான்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசித்தபோது காரணம் விளங்கியது. கம்பெனி அடைத்து, விலையை அச்சிட்டு அனுப்பும் சோப்புத்தூள் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். அதில் ஒரு பெரிய பொட்டலம் எனக்கு என்ன விலைக்கு இறங்கியதோ, அதைவிடக் குறைவாக, வீட்டுக்கே சரக்கு கொண்டுவந்து தரும் செல்பேசிச் செயலியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதோடு நான் மோதினால் என் முதல்தான் கரையும். புளி அப்படியில்லை. புதுப்புளியா பழைய புளியா, கொட்டை எடுத்ததா, நார் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சோப்பு, ஷாம்பு அடுக்கியிருந்த மூன்று அலமாரிகளை ஒன்றாகக் குறைத்தேன். அதில் முடங்கிய பணத்தை எடுத்து நல்ல பருப்பு, செக்கு எண்ணெய், முழு மசாலாச் சரக்கில் போட்டேன். உளுந்து மூட்டை இறக்குவதற்கு முன் ஒரு படி வாங்கி, வீட்டில் ஊறவைத்து அரைத்து, மாவு எவ்வளவு காண்கிறது என்று பார்த்துவிடுகிறோம். “இந்த மாத உளுந்து நன்றாகப் பொங்குகிறது” என்று வாட்ஸ்அப்பில் என் மனைவி பேசி அனுப்புவார். அதைக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

யுபிஐ பற்றியும் ஒரு வார்த்தை. 2016 நவம்பர் 8-க்குப் பிறகு வந்த வாரங்களில், கையில் செல்லாத நோட்டோடு நின்றவர்களுக்குக் கடன் நோட்டில் எழுதிக்கொண்டுதான் சரக்குக் கொடுத்தேன். அப்போதும் செல்பேசியில் பணம் வாங்க எனக்குப் பயம். எங்களிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்று 2020 ஜனவரியில் ஆனபோதுதான் பணம் கட்ட ஸ்கேன் செய்யும் அந்தக் கியூஆர் அட்டையை ஒட்டினேன். பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டி வந்த பிறகு, பின்கட்டில் மூட்டை பிரிக்கிற நேரத்திலும் கணக்குத் தவறுவதில்லை. சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கும் வழக்கம் நின்றது. மிட்டாய் பாட்டில் இப்போது மாதக்கணக்கில் காலியாவதில்லை.

கோவை வாசகி:

அண்ணாச்சி, நீங்கள் மனம் திறந்து எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் நீங்கள் குறிப்பிடாத ஒரு பொருளால்தான் நான் எங்கள் தெருக் கடையை விட்டேன்.

பதிமூன்று வயதிலிருந்து அந்தக் கடையில் மாதவிடாய் நாப்கின் கேட்டிருக்கிறேன். ஆண்கள் எல்லோரும் வாங்கிச் செல்லும்வரை ஓரமாக நிற்க வேண்டும். பிறகு மெதுவாகச் சொல்ல வேண்டும். அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு கறுப்புப் பையும் போட்டுத் தருவார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் நான் ஏதோ திருட்டுச் சரக்கு வாங்குவதைப் போல ஒவ்வொரு மாதமும் வீடு திரும்பியிருக்கிறேன். செயலியில் முதல்முறை வாங்கிய நாளன்று, விலைக் குறைவைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை. நான்கு வகைகளை நிதானமாகப் படித்துப் பார்த்து எடுத்தேன். முப்பத்திரண்டு வயதில் அதுதான் முதல்முறை.

இன்னொன்று. கடைக்காரர் நம் வீட்டை அறிந்திருப்பது நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் கணவருக்கு வேலை போன மாதம், அரைக் கிலோ எண்ணெய் வாங்கினேன். “எப்போதும் இரண்டு லிட்டர்தானே?” என்று நான்கு பேர் முன்னால் கேட்டார். அக்கறையில் கேட்ட கேள்விதான். இருந்தும் அடுத்த மூன்று மாதங்கள் அந்தத் தெரு வழியே போகவில்லை.

பருப்பும் புளியும் இப்போது மீண்டும் கடையில்தான் வாங்குகிறேன். செயலியில் வந்த பருப்பு இரண்டு முறை வேகவே இல்லை. மற்றவற்றுக்கு நான் திரும்ப வேண்டுமென்றால், விலை எழுதிய அட்டை தொங்க வேண்டும், பொருளை நானே எடுக்க வேண்டும், என் வீட்டுக் கதையை யாரும் கேட்கக் கூடாது.

பட்டுக் கடை ஊழியர், காஞ்சிபுரம்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். நான் பதினோரு ஆண்டுகளாகப் புடவைப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் குறைந்த 2020-இல் முதலாளி ஒரு செல்பேசியைக் கொடுத்து, காணொளி அழைப்பில் விற்கச் சொன்னார். முதல் வாரம் அனுப்பிய புடவைகளில் பாதி திரும்பி வந்தன. அரக்கு நிறம் திரையில் சிவப்பாகத் தெரிகிறது, மயில் கழுத்து வெறும் நீலமாகிவிடுகிறது. விளக்குக்குக் கீழே காட்டியதுதான் தவறு என்று பிறகு புரிந்தது. வாசல் படிக்கு எடுத்துப் போய், காலை வெயில் நேராக விழாத நிழலில் விரித்தேன். அருகில் ஒரு வெள்ளைத் தாளும் வைத்தேன். நிறம் ஓரளவு சொன்னபடி தெரிந்தது.

இப்போது கடைக்கு நேரில் வருகிறவரிடம் காட்டுவதைவிட அதிகமாகவே காணொளியில் காட்டுகிறேன். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பிப் பின்பக்கம் காட்டுவேன். தூய பட்டு என்று உறுதி சொல்லும் சில்க் மார்க் அட்டையைக் காட்டுவேன். சிகாகோவிலிருந்து பேசிய ஓர் அம்மா, தன் பாட்டியின் புடவையைத் திரைக்கு அருகில் பிடித்து, “இந்த வெந்தய நிறம் வேண்டும்” என்றார். நாற்பது நிமிடம் தேடிக் கண்டெடுத்தேன். கடைக்கு வந்திருந்தால் அந்தப் பழைய புடவையைக் கையோடு கொண்டு வந்திருப்பாரா தெரியாது.

எங்கள் பக்கத்து மாற்றம் ஒன்றையும் யாராவது சொல்ல வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன்பு நான் வேலை செய்த இடத்தில் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நின்றே இருப்போம். சுவரில் சாய்ந்தாலே சத்தம் போடுவார்கள். இப்போதைய கடையில் முக்காலி இருக்கிறது. வாடிக்கையாளர் வந்தால் எழுந்துகொள்கிறோம். என் கணுக்கால் வீக்கம் வடிந்த பிறகுதான் காணொளியில் சிரித்துப் பேசவே முடிகிறது. கடைகள் நவீனமாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணினியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

லைன் விற்பனையாளர், திருச்சி:

கம்பெனிச் சரக்கைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஏஜென்சியில் நான் ஆர்டர் எடுப்பவன். முன்பு நாற்பது கடை ஏறி இறங்குவேன். இப்போது கடைக்காரர்கள் இரவில் தாங்களே கம்பெனிச் செயலியில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்குக் கிடைக்கும் விலையைவிடக் குறைவாக, செயலியில் ஆர்டர் வாங்கிச் சில நிமிடங்களில் வீட்டுக்குக் கொடுக்கும் விரைவு விநியோகக்காரர்கள் விற்பது எப்படி என்று கேட்டு, 2024-இல் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்துக்கே எழுதியது. நாங்கள் அன்றாடம் கடை வாசலில் கேட்கும் கேள்வியும் அதுதான். காலாவதியான சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் திருவிழா வாரத்தில் கூடுதல் சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்குப் பொறுத்திருக்கவும் ஒரு மனிதன் வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்காக மட்டும் என்னை வைத்திருக்கிறார்கள். வருமானம் குறைந்துவிட்டது.

தாம்பரம் மளிகைக்காரர்:

கோவைச் சகோதரிக்கு. உங்கள் பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன். “இது எனக்கு எப்போதோ தெரியும், நீங்கள் கேட்டதில்லை” என்றார். என் கடையிலும் செய்தித்தாளில்தான் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, காலியாக இருந்த அலமாரி ஒன்றைக் கல்லாவுக்கு அந்தப் பக்கம், ஆட்கள் நிற்கும் பக்கத்துக்கு நகர்த்தினோம். நாப்கின், குழந்தைப் பொருள்கள், சோப்பு எல்லாம் அதில். ஒவ்வொன்றின் கீழும் விலை எழுதியிருக்கிறோம். நாளிதழைச் சுற்றுவதில்லை, அவர்களே எடுத்துத் தங்கள் பையில் போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் பையன் முதல் நாள் பழக்க தோஷத்தில் தாளைக் கிழித்துவிட்டான். வாங்க வந்த கல்லூரிப் பெண், “வேண்டாம் அண்ணா” என்று சொல்லிவிட்டுச் சாதாரணமாக எடுத்துப் போனாள்.

எண்ணெய் விஷயம் கடினம். அளவு குறைந்தால் கேட்பது அப்பா காலத்துப் பழக்கம், வாயில் தானாக வருகிறது. நேற்றுகூட ஒருவரிடம் பாதிவரை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் கால் கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு போனார்.