மறு: வோல்ட்டாமெட்ரிக் கலைச்சொற்கள் – முகடும் மேடையும்

வணக்கம்.

> வளைவரையில் மின்னோட்டம் மிகுதியாக இருக்கும் இடம் எதுவானாலும் "உச்ச மின்னோட்டம்" என்றே சொல்லலாமே. எதற்கு இரண்டு சொல்?

இதில்தான் உடன்பட முடியவில்லை. நம் கலைச்சொல் பட்டியலின் மற்ற சொற்களில் பெரிதாகச் சண்டை இல்லை. வோல்ட்டாமெட்ரியை அப்படியே வைத்துக்கொள்வோம். "வோல்ட்டளவியல்" என்றால் வோல்ட்டை அளப்பதாகிவிடும். நாம் மின்னழுத்தத்தைக் கொடுத்துவிட்டு மின்னோட்டத்தை அல்லவா அளக்கிறோம்? மின்னழுத்தத்தை நொடிக்கு எவ்வளவு மாற்றுகிறோம் என்பதைச் சொல்லும் ஸ்கேன் ரேட்டுக்கு "வருடு வேகம்" நன்றாகவே இருக்கிறது.

சரி, உச்சத்துக்கு வருவோம். கரைசலில் வினையூக்கி மட்டும் இருக்கிறது, வினைபடுபொருள் இல்லை. மின்னழுத்தத்தை நகர்த்த நகர்த்த, மின்முனையை ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள, மின்னோட்டம் ஏறுகிறது. பக்கத்தில் இருந்த சரக்கு தீர்ந்ததும் தொலைவிலிருந்து விரவி வருவதை நம்பியிருக்க வேண்டியதுதான், மின்னோட்டம் இறங்குகிறது. இது முகடு. இதன் உயரம் வருடு வேகத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.

வினைபடுபொருளைத் தாராளமாகச் சேர்த்தால் நடப்பதே வேறு. வாங்கிய எலக்ட்ரானை வினையூக்கி வினைபடுபொருளிடம் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது, மறுபடி மின்முனையில் வாங்குகிறது. மின்னோட்டம் ஏறியபின் இறங்காமல் கிடைமட்டமாக நின்றுவிடுகிறது. திரும்பும் வருடலும் கிட்டத்தட்ட அதே கோட்டில் வரும். வருடு வேகத்தை நொடிக்கு 0.1 வோல்ட்டிலிருந்து 0.4 வோல்ட்டாக உயர்த்திப் பாருங்கள்: முதல் வகையில் முகடு இரண்டு மடங்காகும், இரண்டாவதில் அந்தக் கிடைக்கோடு அசையாது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் வினைவழிமுறையையே ஊகிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவருக்கு அந்தத் துப்பு கிடைக்காது.

மாதிரியாக்கத்திலும் இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஓர் எலக்ட்ரான் வினையில், இரண்டாவது மின்னோட்டத்தை முதலாவதால் வகுத்தால், வினைவேக மாறிலியை வருடு வேகத்தால் வகுத்து வரும் அளவின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் விடை வரும். மின்வேதியியலர்கள் நிக்கல்சனும் ஷெய்னும் 1964-இல் இந்த வளைவரைகளைக் கணக்கிட்டுக் காட்டிய காலத்திலிருந்தே இந்த ஒப்பீடு இருக்கிறது. இந்த வாக்கியத்தை "உச்சம்" ஒன்றை மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள், உச்சத்தை உச்சத்தால் வகுக்க வேண்டியிருக்கும்.

இறங்காமல் நிற்கும் இரண்டாவது வகைக்கு என் பரிந்துரை "மேடை மின்னோட்டம்". "மட்ட மின்னோட்டம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார்; "மட்டமான மின்னோட்டம்" என்று மாணவர்கள் கேலி செய்வார்கள், வேண்டாம். "தேக்க மின்னோட்டம்" இன்னும் மோசம்: எதுவும் தேங்கவில்லை, வினை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முகடு, மேடை என்று போனால் இன்னொரு சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. சுத்தமான மேடை ஆய்வகத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. வினைபடுபொருள் தீர்ந்துபோகும், வினையூக்கி சிதையும், விளைபொருளே வினையைத் தடுக்கும். அதனால் இந்தத் தொல்லைகள் தலைகாட்டாத தொடக்கப் பகுதியை, அதாவது அலை (வளைவரையில் மின்னோட்டம் ஏறும் பகுதி) எழத் தொடங்கும் இடத்தை மட்டும் எடுத்து வேக மாறிலியைக் கணக்கிடும் முறையை 2012-இல் பிரெஞ்சு மின்வேதியியலர் சவேயான் குழுவினர் வெளியிட்டார்கள். அதற்கு "அலையடிப் பகுப்பாய்வு" என்று பட்டியலில் இருக்கிறது. படிக்கும்போது அலை அடிப்பது போலத்தான் கேட்கிறது. "அலையடிவாரப் பகுப்பாய்வு" என்றால் நீளம் கொஞ்சம் கூடும், ஆனால் குழப்பம் இல்லை.

> டர்ன்ஓவர் ஃப்ரீக்வென்சி – சுழற்சி வேகம்

இது ஆபத்து. இதே துறையில் சுழலும் வட்டு மின்முனை இருக்கிறது, அதற்கு உண்மையிலேயே ஒரு சுழற்சி வேகம் உண்டு. ஒரு வினையூக்கி மூலக்கூறு நொடிக்கு எத்தனை முறை வினையை முடிக்கிறது என்பதுதான் பொருள் என்பதால் "ஊக்கச்சுற்று வீதம்" என்று போட்டிருக்கிறேன். முழு நிறைவு இல்லை. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். "மேடை மின்னோட்டம்", "அலையடிவாரப் பகுப்பாய்வு" இரண்டையும் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.